பழைய ஆயிலைக் காட்டச் சொன்னேன்

போன வாரம் புதுக்கோட்டையில் ஒரு சர்வீஸ் சென்டரின் ஏசி அறையில் உட்கார்ந்து, ஓசி காபியைக் குடித்துக்கொண்டு, உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தேன். என் பிக்கப் வண்டி உள்ளே எங்கேயோ இருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் விற்பனைக்கு நிற்கிற புது வண்டிகள்தான் தெரிந்தன. போனில் ஒரு செய்தி வந்தது: கியர் ஆயில் மாற்றப்பட்டது. அட்வைசர் தம்பியிடம் போய், "பழைய ஆயில ஒருக்கா பாக்கணும் தம்பி" என்றேன். ஆபரேஷன் தியேட்டருக்குள் செருப்போடு வருகிறேன் என்று சொன்ன மாதிரி அவர் பதறிப்போனார்.

"கஸ்டமர் யாரும் உள்ள வரக்கூடாதுங்க மேடம். சேஃப்டி ரூல். வேணும்னா போட்டோ அனுப்பச் சொல்றேங்க."

நான் என்ன மாப்பிள்ளையா பார்க்கிறேன், போட்டோவில் பார்க்க?

அந்த நேரம் யாரோ உள்கதவைத் திறந்தார்கள். வாடை வந்து மூக்கில் ஏறியது. உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, எஞ்சின் ஆயில் வாடை வேறு, கியர் ஆயில் வாடை வேறு. கியர் ஆயில், கெட்டுப்போன முட்டையை எண்ணெயில் பொரித்த மாதிரி இருக்கும். கையில் பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. அந்த வாடை என்னை இழுத்துக்கொண்டு போய் அறந்தாங்கி ரோட்டில் இருந்த பட்டறையில் நிறுத்திவிட்டது.

என் வீட்டுக்காரர் கத்தாரில் வேலை பார்த்த காலம். என் நகையை வைத்து, என் பெயரில் ஒரு பழைய பிக்கப் வாங்கியிருந்தேன். நீலமாக இருக்கிறதே என்றுதான் அதை எடுத்தேன். அவ்வளவுதான் அப்போது என் வண்டி ஞானம். கோட்டைப்பட்டினத்தில் மீன் ஏற்றித் திருமயம் பக்கத்துச் சந்தைகளில் இறக்குவது தொழில். விவசாயக் குடும்பத்துப் பெண்ணுக்கு மீன் வண்டி தேவையா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் அதே ஆட்கள், "நல்ல நண்டா இருந்தா எடுத்து வையித்தா" என்று வாசலில் வந்து நிற்பார்கள்.

வண்டியை ஓட்டியவர் காளிதாஸ். இளகின மனசு. அந்தப் பக்கம் கடல் ஆழமில்லாதது; நாட்டுப்படகுகள் கரைக்கு வராமல் தள்ளியே நின்றுவிடும். மீன் பெட்டிகளைத் தண்ணீரில் நடந்துதான் தூக்கி வர வேண்டும். அதைப் பார்க்கப் பொறுக்காமல் காளிதாஸ் வண்டியைப் பின்பக்கமாகக் கடலுக்குள்ளேயே விட்டுவிடுவார். "பாவம்க்கா, எம்புட்டுத் தூரந்தான் தூக்குவாங்க?" என்பார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அத்தனை தூரம் ஓடிச் சூடாக இருக்கிற கியர் பாக்ஸை உப்புத் தண்ணீரில் முக்கி எடுக்கிறோமே என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

கொஞ்ச நாளில் இரண்டாவது கியர் விழ மறுத்தது. விழுந்தாலும் கரகரத்தது. பட்டறைக்கு ஓட்டிப் போனோம். சந்தையில் மற்ற வண்டிக்காரர்கள் சொன்னதை வைத்து, பட்டறைக்காரர் ராமையா அண்ணனிடம், "கியர் ஆயில எறக்கிப் பாருங்கண்ணே" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் காளிதாசைப் பார்த்துச் சொன்னார்: "தங்கச்சிய அங்கிட்டு நெழல்ல போயி ஒக்காரச் சொல்லுப்பா." நான் அவருக்கு எதிரிலேயே நிற்கிறேன்!

அடுத்து அவர் செய்தது இன்னும் அழகு. என் போனை வாங்கி, என் காசில், கத்தாருக்குப் பேசினார். என் வண்டியின் ஆயிலை இறக்க என் வீட்டுக்காரரிடம் அனுமதி! என் வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் சைக்கிளில் செயின் கழன்றால் வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வருகிற ஆள். அங்கே வேலை மும்முரத்தில் இருந்தவர், "நீங்களே பாத்துச் செய்ங்கண்ணே" என்று சொல்லிவிட்டார். அண்ணனும் பார்த்துச் செய்தார். ஆயில் இறக்குகிற போல்ட்டைத் தொடவே இல்லை. "ஆயிலு நல்லாத்தான் இருக்கும். அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று கிளட்சை மட்டும் சரி பண்ணி அனுப்பிவிட்டார். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

அடுத்த லோடில், திருமயம் வருவதற்கு முன்னாலேயே வண்டி நடுவழியில் படுத்துவிட்டது. உச்சி வெயில், வண்டி நிறைய மீன். கியர் பாக்ஸுக்குள் ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. அதன்பிறகு எந்தக் கியரும் விழவில்லை. ஐஸ் உருகி ரோட்டில் ஓடியது. பஸ்ஸில் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அந்த லோடைக் குழி தோண்டித்தான் புதைத்தோம். இனி எந்தப் படகுக்காரர் என் வண்டியை நம்பி மீன் ஏற்றுவார் என்பதுதான் என் மண்டையைக் குடைந்தது. தொழிலே அதோடு போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

கயிறு கட்டி இழுத்து வந்து அதே பட்டறையில் நிறுத்தினோம். ராமையா அண்ணன் வாயைத் திறப்பதற்கு முன்பே சொன்னேன்: "நான் எங்கிட்டும் போறதா இல்ல. தொறங்க."

அவர் அடியில் படுத்து போல்ட்டைக் கழற்றினார். தட்டில் விழுந்ததை ஆயில் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டீக்கடையில் ஆற்றுகிற பால் டீ, நுரையோடு. உள்ளே கடல் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க எந்தப் படிப்பும் வேண்டாம், பக்கத்தில் நின்று பார்க்க விட்டால் போதும். நான் விரலால் தொட்டு எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இதான் நல்ல ஆயிலாண்ணே? கத்தாருக்குப் போட்டுக் கேப்பமா?"

காளிதாஸ் சிரிப்பை அடக்க முடியாமல் வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். அண்ணன் கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். எங்கெங்கோ அலைந்து பல்சக்கரம் தேடிக் கொண்டு வந்து, வேறு யாரையும் தொட விடாமல் தானே பிரித்துக் கட்டினார். அன்றைக்கு வீட்டில் நான் பிசைந்து ஊட்டிய சோற்றை என் மகன் துப்பிவிட்டான். "அம்மா, கை நாறுதும்மா" என்றான். அப்புறம் ஸ்பூனால்தான் ஊட்டினேன்.

அதோடு காளிதாஸ் கடலுக்குள் வண்டியை விடுவதை நிறுத்தினார். பெட்டி தூக்க நாங்களும் தண்ணீரில் இறங்கினோம். படகுக்காரர்கள் மறுபடி மீன் ஏற்றினார்கள். பட்டறையில் எனக்கென்று ஒரு இடம் வந்துவிட்டது, வண்டியின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில். நான் பார்க்காமல் பழைய ஆயிலைக் கொட்ட மாட்டார்கள். புது ஆயில், ஊற்றுகிற துளையின் விளிம்பு வரை நிற்கிறதா என்று நான் விரல் விட்டுப் பார்த்த பிறகுதான் போல்ட் ஏறும். "தங்கச்சி பாக்கட்டும், அப்பறம் மூடுப்பா" என்று ராமையா அண்ணனே சொல்வார்.

அந்தப் பட்டறை இப்போது இல்லை. அண்ணனும் இல்லை. அங்கே ஒரு செல்போன் கடை இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் என்னை மேடம் என்கிறார்கள், பில்லை என்னிடம்தான் நீட்டுகிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் என் வண்டியை எனக்குக் காட்ட மாட்டார்களாம். சேஃப்டியாம்! கடலுக்குள் இறங்கி மீன் பெட்டி தூக்கினவளுக்குச் சேஃப்டி சொல்லித் தருகிறார்கள்.

அட்வைசர் தம்பியிடம் நான் சத்தம் போட்டபோது, சோபாவில் இருந்த ஆண்கள் தலையைத் தூக்கி என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள். அவர்களும் வண்டிக்காரர்கள்தான். அவர்களையும்தான் வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள். ஒருத்தருக்கும் கோபம் வரவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிற இடம் அவர்களுக்குச் சும்மா கிடைத்தது, அதனால் அது போனதுகூடத் தெரியவில்லை. நான் அதைச் சண்டை போட்டு வாங்கினவள்.