வெண்டைக்காய்க் கிண்ணம்

கல்யாணமாகிக் கோயமுத்தூருக்கு வந்த புதிதில், என் புருஷன் திங்கட்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் திரும்புவார். மோட்டார் பம்ப் விற்கும் வேலை, ஊர் ஊராகப் போக வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் வீட்டில் போன் கிடையாது. பீளமேட்டில் ஒரே வரிசையாக நான்கு வீடுகள், அதில் கடைசி எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை பேச ஆள் இருக்கும். மற்ற நாட்களில் என் குரலை நானே கேட்கமாட்டேன்.

இந்த ஊர் மரியாதையைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுவார்கள். நானும் இந்தப் பக்கத்துக்காரிதான், ஆனாலும் சொல்கிறேன், அந்த மரியாதை நல்ல தேக்குக் கதவு மாதிரி. பார்க்க அழகாக இருக்கும், சாத்தியே இருக்கும். குழாயடியில் "சாப்டாச்சுங்களா?" என்பார்கள். "ஆச்சுங்க" என்பேன். குடம் நிரம்பிவிடும், அவரவர் வீட்டுக்குப் போய்விடுவோம்.

பக்கத்து வீட்டு அக்காதான் ஒருநாள் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். வீட்டுக்காரருக்கு மில் வேலை. என் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, அவிநாசிப் பக்கம் தோட்டத்துல பொறந்துபோட்டு வெண்டைக்காயக் காசு குடுத்து வாங்கறீங்களாக்கும்?" என்று சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. பிறந்தது தோட்டத்தில்தான். வெயிலில் நின்றால் கறுத்துவிடுவேன் என்று அம்மா என்னை வரப்பில் கால் வைக்கவே விட்டதில்லை. அப்புறம் ஹாஸ்டல், அப்புறம் கல்யாணம். அரிவாள்மனைக்கு வந்த பிறகுதான் எனக்கு வெண்டைக்காயைத் தெரியும்.

ரோஷத்தோடு விதைக்கடைக்குப் போனேன். "மொதல்ல வெண்டை போடுங்க, அது தானா வந்துபோடும்" என்றார் கடைக்காரர். தானாக எதுவும் வரவில்லை. பெயிண்ட் வாளிகளில் அடியில் ஓட்டை போடாமலே மண்ணை நிரப்பிவிட்டேன். பேச ஆளில்லாதவளுக்குத் தண்ணீர் ஊற்றுவதே ஒரு வேலையாகிவிட்டது. காலையில் ஊற்றினேன், மத்தியானம் ஊற்றினேன், விளக்கு வைத்த பிறகும் ஊற்றினேன். விதையெல்லாம் அழுகிப்போனது. மறுபடி ஆணியைச் சுட்டு ஓட்டை போட்டு, செம்மண்ணோடு மணலும் மக்கிய சாணியும் கலந்து, இரவெல்லாம் ஊறவைத்த விதையை வாளிக்கு இரண்டாக ஊன்றினேன். மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் என்று கையைக் கட்டிக்கொண்டேன். முளைத்தது. ஒரு காலையில் முதல் பூ விரிந்திருந்தது, வெளிர் மஞ்சள், நடுவில் கருஞ்சிவப்பு. அதைக் கூப்பிட்டுக் காட்ட எனக்கு ஒருவரும் இல்லை. அன்றைக்கு அழுதேன்.

வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும். விட்டால் முற்றி நாராகிவிடும், செடியும் காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஒருத்தி எவ்வளவு தின்பேன்? ஒரு கிண்ணத்தில் போட்டுப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. மறுநாள் கிண்ணம் நிறைய காராபூந்தியோடு அக்கா வந்தார். வந்தவர் வாசற்படியில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அதற்கப்புறம் நான் வெண்டைக்காய்க்காக வெண்டை வளர்க்கவில்லை. கிண்ணம் போனால் கிண்ணம் வரும், கிண்ணத்தோடு அக்கா வருவார். நான்கு வாளி பத்தாயிற்று. ஒரு தடவை வெல்லம், ஒரு தடவை பொட்டுக்கடலை, ஒரு தடவை நான்கு எலுமிச்சம்பழம். கூடவே அவர் நாத்தனார் கதை, நடிகைகள் கதை.

பிறகு கிண்ணம் வர நாளானது. இரண்டாவது கிண்ணம் கொடுத்தேன், அதுவும் திரும்பவில்லை. மூன்றாவதை வாங்கும்போது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. குழாயடிக்கும் நான் வராத நேரமாகப் பார்த்து வந்தார். எனக்குக் கோபம். கொடுப்பவளுக்கு இவ்வளவுதான் மதிப்பா என்று நேராகப் போய்க் கதவைத் தட்டினேன்.

பாதிக் கதவுதான் திறந்தது. உள்ளே அலமாரியில் என் மூன்று கிண்ணங்களும் பளபளவென்று துலக்கிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"கோவிச்சுக்காதீங்க அம்மணி. மில்லப் பூட்டிப்போட்டாங்க. கிண்ணத்துல போட்டுத் தர ஊட்ல ஒண்ணுமில்லீங்க. வெறுங்கிண்ணத்தோட எப்படிங்க உங்க வாசப்படி ஏறுவேன்?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "சும்மா வாங்க அக்கா. நீங்க வந்தாலே போதுங்க" என்றேன். "வாரேன், வாரேன்" என்றார். அந்த 'வாரேன்' எனக்குத் தெரியும், நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் வரவில்லை.

ஆகவே கிண்ணத்தை நிறுத்தினேன். காய்களைத் தினத்தாளில் சுற்றி, இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த குட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். தாளைத் திருப்பித் தர வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பொட்டலம் இருக்காது. காய் போய்ச் சேர்ந்தது, ஆள் வரவில்லை. எனக்கு வேண்டியிருந்தது இதற்கு நேர்மாறு, ஆனாலும் அந்த அடுப்பு இதை நம்பியிருக்கிறது என்று தெரிந்த பிறகு ஒரு செடியைக்கூட வாடவிட மனம் வரவில்லை. கீரை தூவினேன், கொத்தவரை போட்டேன்.

மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் கடுகு வெடிக்கும், பின்னாலேயே காயைக் கொட்டும் சத்தம் சொய்யென்று கேட்கும். வதங்கும் வாசனை வரும்வரை காத்திருந்து, அதன் பிறகுதான் எனக்குச் சோறு போட்டுக்கொள்வேன். அக்காவோடு உட்கார்ந்து சாப்பிடுவதாக எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.