பெட்டியில் போட்ட கண்ணாடி

மாக் மண்டினில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் முகக்கவசம் போட்டாலே என் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். அந்தத் தொல்லை ஒழியட்டும் என்று ஜார்ஜ்டவுனில் உள்ள கண் மருத்துவமனைக்கு லேசர் சிகிச்சைக்காகப் போனேன். போன வேகத்தில், வாசலில் இருந்த, பழைய கண்ணாடிகளுக்கான நன்கொடைப் பெட்டியில் என் கண்ணாடியைப் போட்டுவிட்டேன்!

கண் தேய்க்கும் பழக்கம் இல்லை என்று படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து கண்ணைக் கசக்கினேன். தாதி பார்த்துவிட்டார்.

"அக்கா, எப்பவும் இப்படித்தான் தேய்ப்பீங்களா? டாக்டர்கிட்ட சொல்லணும்லா!"

டாக்டரிடம் சொல்லி, கண்ணை மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள்.

"தேய்ச்சுத் தேய்ச்சு கருவிழிப் படலம் ரொம்ப மெலிஞ்சிருக்கும்மா. லேசர் செஞ்சிருந்தா பார்வையே கெட்டிருக்கும்" என்றார் டாக்டர்.

வாசலுக்கு ஓடினேன். பெட்டியைத் திறக்கச் சொல்லி, மங்கலான கண்ணோடு தடவித் தடவி என் கண்ணாடியை எடுத்தேன்!

இன்றும் கண் அரித்தால் கை தானாக மேலே போகிறது. கண்ணாடியில் இடித்ததும் இறக்கிவிடுகிறேன்.