பிரேமிளா பேரில் வந்த அட்டை

அழகம்மா ஓரிடத்தில் தரித்து நின்றவள் அல்ல. தாய்தகப்பன் கலவரத்துக்குப் பயந்து மலையகத்திலிருந்து வன்னிக்கு ஓடிவந்தவர்கள். இவள் வன்னிக்குள்ளேயே ஓடினாள். சண்டை முடிந்தும் கால் ஓயவில்லை. மல்லாவியில் கச்சான் கடலை பிடுங்கி முடித்தால் இரணைமடுப் பக்கம் நெல்லுவெட்டு. மகள் நிரோஜாவும் கூடவே போவாள். பத்து வயதுக்குள் ஐந்து பள்ளிக்கூடம். ஆறாவதில், முந்தின பள்ளிக்கூடத்து விடுகைப் பத்திரம் இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து பிள்ளை கொட்டிலுக்குள் இருந்து பழைய கொப்பியையே திரும்பத் திரும்ப வாசித்தாள்.

ஒருநாள் கல்விக் கந்தோரிலிருந்து சுமித்திரா படிவத்தோடு வந்தாள்.

"அம்மா, இடம்பெயரும் பிள்ளையளின்ர விபரம் எடுக்கிறம்."

இடம்பெயர்வு. வன்னியில் சும்மா வருகிற சொல்லா அது?

"இந்தமுறை எங்க எழும்பச் சொல்லுறியள்?"

சுமித்திரா சிரித்துவிட்டாள். "ஐயோ, ஒருத்தரும் எழுப்பேல்லை அம்மா. நீங்கள் வேலைக்குப் போற இடமெல்லாம் பிள்ளை படிக்க அரசாங்கம் திட்டம் போடுது. பேரைத் தந்தால் அட்டை வரும். காட்டினால் எந்தப் பள்ளிக்கூடமும் சேர்க்கோணும்."

"பேர் குடுக்கிறது எங்களுக்குப் புதுசில்லை, பிள்ளை."

கடைசிச் சண்டை முடிந்து வந்தபோது ஆமிக்காரர், "பேரைப் பதியுங்கோ, பின்னேரம் விட்டிடுவினம்" என்றார்கள். தங்கச்சியின் பேரை அழகம்மாதான் சொல்லிக் கொடுத்தாள். அவளைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். அவ்வளவுதான்.

ஆகையால் யாரும் அவளைப் பிழை சொல்ல வரவேண்டாம். பேர் சொல்லாவிட்டால் பிள்ளைக்குப் படிப்பில்லை. சொன்னால் பிள்ளையே இல்லாமல் போனால்? ஏதாவது பொய்ப் பேர் சொல்லுவோம் என்று வாயைத் திறந்தாள். நாக்கில் வந்து நின்றது தங்கச்சியின் பேர்.

"பிரேமிளா."

இரண்டு மாதம் கழித்து சுமித்திரா வாகனத்தில் வந்து இறங்கினாள். கையில் அட்டை.

"பிரேமிளா எங்க? இண்டைக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பம்."

பதினாறு வருஷமாகக் கந்தோர் கந்தோராக அழகம்மா கேட்டுத் திரிந்த கேள்வி. அங்கெல்லாம் கிடைத்த பதிலே இப்போது அவள் வாயிலும் வந்தது.

"அப்பிடி ஒருத்தரும் இஞ்ச..."

முடிக்க முதல் நிரோஜா கொப்பியோடு வெளியே வந்தாள். "நான்தான் மிஸ், பிரேமிளா."

"அடியே, உள்ளுக்குப் போ!"

"அம்மா, சும்மா இருங்கோ. எனக்குப் பள்ளிக்கூடம் வேணும்."

பிள்ளை தானாகவே ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"பயப்பிடாதேங்கோ அம்மா," என்றாள் சுமித்திரா. "பின்னேரம் கொண்டுவந்து விட்டிடுவன்."

அழகம்மா அன்று கச்சான் பிடுங்கப் போகவில்லை. றோட்டு மூலையில் குந்திக்கொண்டிருந்தாள். பின்னேரமும் வந்தது. பொழுது சாய்ந்தும் றோட்டில் தூசி எழும்பவில்லை.