கோடு தாண்டாத நட்சத்திரம்

1. எண்ணெயைப் பார், மனுஷனைப் பார்க்காதே

கம்பெனியில் தொழிலாளர் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, ரிட்டயர் ஆன பிறகும் நீங்கள் எழுதும் விபத்து ரிப்போர்ட்டுகள் சில என் கண்ணில் படத்தான் செய்கின்றன. பார்த்தாலே வயிறு எரிகிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் படித்தது கெமிஸ்ட்ரி. சுதந்திரம் வந்த புதிதில் திருவொற்றியூரில் ஓர் எண்ணெய்க் கம்பெனி லேபில் வேலை. இவனுக்கு இங்கிலீஷ் எழுத வருகிறது என்று விபத்து ரிப்போர்ட் வேலையையும் மேனேஜர் என் தலையில் கட்டினார். எழுதுவது என்ன எழுதுவது, அவர் சொல்லச் சொல்ல நான் பேனாவைப் பிடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டின்னுக்கு மூடி அழுத்தும் பிரஸ் ஒன்று இருந்தது, காலால் பெடலை மிதித்தால் இறங்கும். அதில் கன்னியப்பனுக்கு இடது கையில் சுண்டு விரலும் அதற்கு அடுத்த விரலும் போயின. கன்னியப்பன் எனக்குத் தண்டையார்பேட்டையில் பக்கத்துத் தெரு. தினமும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போவோம். அந்த பிரஸ்ஸில் விரலைக் கொடுத்த மூன்றாவது ஆள் அவன். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதச் சொன்னார் மேனேஜர். எனக்குப் பொறுக்கவில்லை. "சார், மூணு பேரும் கவனமில்லாதவங்கன்னா, மூணு பேரும் எப்படித் தேடிப் பிடிச்சு அந்த ஒரே மெஷின்ல வந்து உக்காந்தாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"நீ கெமிஸ்ட்ரி படிச்சவன். எண்ணெயைப் பாரு. மனுஷனை நான் பாத்துக்கறேன்" என்றார். பேனாவை என் கையிலிருந்து வாங்கி அந்த வார்த்தையை அவரே எழுதினார்.

பெரிய தொழிற்சாலைகளில் தொழிலாளர் நலத்துக்கென்று ஆபீசர் போட வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருந்த சமயம் அது. மனோதத்துவத்தில் எம்.ஏ. முடித்தால் அந்த நாற்காலி கிடைக்கலாம் என்றார்கள். மனுஷனைப் பார்க்கும் உரிமைக்கு ஒரு பட்டம் வேண்டுமென்றால் அதையும் வாங்கித்தான் பார்ப்போமே என்று கிளம்பினேன்.

2. ஊரெல்லாம் கை நீட்டியது

செய்தி பரவியதும் ஆரம்பித்தது தலைவலி. "கீழ்ப்பாக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலயா வேலை மாப்பிள்ளை?" என்று மாமனார் கவலைப்பட்டார். லேபில் கூட வேலை செய்கிறவர் உள்ளங்கையை நீட்டி, பிரமோஷன் எப்போது என்று கேட்டார். எதிர் வீட்டு அம்மாவின் பித்தளை அண்டா காணாமல் போக, யார் முகத்தில் திருட்டுக் களை இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். இன்னும் அப்ளிகேஷனே போடவில்லை, அதற்குள் இத்தனை பிடுங்கல்.

கல்லூரி ஆபீசிலோ, கெமிஸ்ட்ரிக்கு இங்கே இடமே கிடையாது என்றார் ஒரு கிளார்க். பேராசிரியர் சொன்னால் உண்டு என்றார் இன்னொருவர். பேராசிரியரோ ஆபீசைக் கேள் என்றார். திருவொற்றியூருக்கும் கல்லூரிக்கும் அலைந்து அலைந்து செருப்புதான் தேய்ந்தது. கடைசியில் பேராசிரியர் ஒருநாள் உட்கார வைத்து, ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார். மனித மனம் கடல்போல ஆழமானது என்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். மனுஷர் கொட்டாவி விட்டார்.

பிறகு ஒரு நிபந்தனை போட்டார். அடுத்த வாரம் ஓர் ஆளைக் கூட்டி வந்து, அவர் கண் முன்னால் ஒரு சோதனை நடத்திக் காட்ட வேண்டும். காகிதத்தில் இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம் இருக்கும். கையை நேராகப் பார்க்க முடியாமல் தடுப்பு வைத்துவிட்டு, எதிரே உள்ள கண்ணாடியில் மட்டும் பார்த்து, இரண்டு கோட்டுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். முதல் தடவை யாருக்கும் கோணல்மாணலாகத்தான் போகும். வரைய வரைய எப்படித் தேறுகிறது என்று காட்டுவதுதான் சோதனை. சரியாகச் செய்தால் சீட்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆள் மட்டும் இந்தச் சோதனைக்குப் புதிதாக இருக்க வேண்டும் என்றார். மேனேஜரோ இதுதான் கடைசி லீவு என்று சொல்லிவிட்டார்.

3. ஒரு தப்பும் இல்லை

கன்னியப்பனைக் கேட்டேன். பெரிய விஷயமில்லை, கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையணும், கோட்டைத் தாண்டாமல் வரைந்தால் நல்லது என்று பஸ்ஸில் சொன்னேன். தலையாட்டினான்.

சோதனை நாளன்று பேராசிரியர் பக்கத்தில் நிற்க, கன்னியப்பன் இடது கையை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வலது கையில் பென்சிலை எடுத்தான். ஒரே இழுப்பு. ஓர் இடத்தில்கூடக் கோடு தாண்டவில்லை. இரண்டாவதும் அப்படியே. முதல் தடவையே தப்பில்லாவிட்டால் தேறுவதை எங்கே காட்டுவது?

"ஆளைத் தயார் பண்ணிக் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்றார் பேராசிரியர். குரலே மாறிவிட்டது.

நான் கன்னியப்பனைப் பார்த்தேன். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒரு வாரமா வூட்ல பொஞ்சாதி கண்ணாடிய வெச்சிகினு பழகினேன் நைனா. நான் தப்பு பண்ணா உனுக்கு சீட்டு பூடுமே."

அவனை அங்கேயே நாலு சாத்து சாத்தலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்று தெரியவில்லை. பேராசிரியர் கிளம்பலாம் என்பதுபோலக் கதவைப் பார்த்தார். இவ்வளவு அலைந்தது இந்தக் கண்ணாடிக்கா என்ற எரிச்சலில்தான் எனக்கு யோசனை ஓடியது. "சார், இவர் பழகினது வலது கை. இடது கை இன்னும் புதுசு. ஒரு கை கத்துக்கிட்டது இன்னொரு கைக்குப் போகுதான்னு பாக்கலாமே? ஒப்பிட உங்க ப்யூனும் இடது கையால வரையட்டும்" என்றேன்.

பேராசிரியர் நின்றார். ப்யூனைக் கூப்பிட்டார். பாவம் அவர், நட்சத்திரத்தை விட்டு மேஜைவரை போய்விட்டார். அடுத்து கன்னியப்பன் தயங்கித் தயங்கி வேட்டி மடிப்பிலிருந்து இடது கையை வெளியே எடுத்தான். மூன்று விரல். மெதுவாகத்தான் ஓட்டினான். இரண்டு மூன்று இடத்தில் கோட்டைத் தொட்டான், அவ்வளவுதான்.

பேராசிரியர் படத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் எப்படிப் போனது என்று கேட்டார்.

"ஃபேக்டரில சார். கவனக்குறைவுன்னு எழுதிகீறாங்க."

அவர் ப்யூனின் நட்சத்திரத்தையும் கன்னியப்பனின் நட்சத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, ஏன் இந்தப் படிப்பு என்று மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். கடல், ஆழம் எல்லாம் மறந்து போயிருந்தது.

"எனக்காக ஒரு வாரம் உக்காந்து கோடு தாண்டாம பழகினவன் சார் இவன். இவனைத்தான் கவனமில்லாதவன்னு எழுதியிருக்காங்க" என்றேன்.

அவர் பேனாவைத் திறந்தார். கூடுதலாக இரண்டு பேப்பர் எழுத வேண்டும் என்று சொல்லி, அப்ளிகேஷனில் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் கன்னியப்பன் என் தோளைத் தட்டினான். "இன்னா நைனா, நான் பாஸா?" என்றான். பாஸ்தான் என்றேன்.

4. அந்த வார்த்தை

படித்து முடித்து அதே கம்பெனியில் நலத்துறை நாற்காலியில் உட்கார்ந்தேன். அதே பிரஸ்ஸின் பெடல், நகர்ந்து உட்கார்ந்தாலே கால் இடிக்கிற இடத்தில் இருந்தது. மேனேஜரோடு மல்லுக்கு நின்று அதற்கு ஒரு மூடி போட வைத்தேன். அதன் பிறகு அங்கே யாருக்கும் விரல் போகவில்லை. கவனக்குறைவு என்று எழுதி வந்த ரிப்போர்ட்டை எல்லாம், மெஷினைப் போய்ப் பார்த்துவிட்டு எழுது என்று திருப்பி அனுப்பினேன்.

நீங்களோ இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே அந்த வார்த்தையை எழுதுகிறீர்கள். உங்கள் எதிரே நிற்கிறவன் உங்களிடம் பாஸாக வேண்டும் என்றுதான் நிற்கிறான், ஐயா. அவனைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.