அருளம்மாள் டீச்சருக்கு நான் கொண்டுபோன சூப்பு

செய்தி வந்தபோது தூக்குவாளி என் கையில் இருந்தது. அத்தா அதில் சூப்பை ஊற்றி, மூடியை அழுத்தி, வழக்கம்போலச் சிந்தாமல் போகச் சொன்னார். நான் கடைப்படி இறங்கும்போது நம் பள்ளிக்கூடத்துப் பியூன் சண்முகம் சைக்கிளை விட்டு இறங்கினார். என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், பிறகு அத்தாவிடம்தான் சொன்னார்.

"டிரில் டீச்சரம்மா போயிட்டாக பாய். விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னு பக்கத்து வீட்டுல சொல்லியிருக்காக. வண்டி பிடிக்கிறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

வாளி சுட்டுக்கொண்டே இருந்தது. அதை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

தோழிகளே, நம் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகைக்கு டீச்சரைப் பற்றி என்னைத்தான் எழுதச் சொன்னீர்கள். ஓட்டப் பந்தயங்களில் அவர் பக்கத்தில் நின்று நேரம் குறித்தவள் நான். எனக்குத்தான் நிறையத் தெரியும் என்றீர்கள். நீங்கள் நினைப்பதைவிடக் கூடவே தெரியும். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. இன்று வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு சிம்னி விளக்கைச் சுருக்கி வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் எழுதுகிறேன்.

நாம் முதன்முதலில் அவரைப் பார்த்துச் சிரித்தது அந்தக் கான்வாஸ் ஷூவுக்காக. வலது ஷூவின் முனையைப் பிளேடால் வெட்டி ஒரு ஓட்டை போட்டிருந்தார். வீங்கிச் சிவந்த பெருவிரல் அதன் வழியே வெளியே தெரியும். நொண்டி நடக்கிற டிரில் டீச்சரை நாம் கண்டதில்லை. சரோஜா துணிந்து கேட்டாள், "விரலுக்குக் காத்து வாங்குறீகளா டீச்சர்?" டீச்சர் கோபப்படவில்லை. "ஆமா, அதுக்கு மட்டும் வேர்க்குது. நீ மைதானத்தை மூணு சுத்துச் சுத்திட்டு வா, உனக்கு எங்கெங்க வேர்க்குதுன்னு பாப்போம்" என்றார். சரோஜா சுற்றினாள். சிரித்த நாமும் சுற்றினோம்.

அடுத்தது உங்களில் பலருக்குத் தெரியாது. நான் வயதுக்கு வந்ததும் அத்தா என் படிப்பை நிறுத்திவிட்டார். மூன்று வாரம் வீட்டிலேயே இருந்தேன். ஒரு நாள் காலை டீச்சர் எங்கள் சூப்புக் கடைக்கு வந்தார். என் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆட்டுக்கால் சூப்பு ஒரு டம்ளர் வாங்கி நின்றபடி குடித்தார். அத்தாவின் கண் அந்த ஷூவில் விழுந்தது. கால் வலிக்கு ஆட்டுக்கால் சூப்பைவிட வேறு மருந்து இல்லை என்பது அத்தாவின் உறுதி. பஸ் ஸ்டாண்டில் யாராவது நொண்டிக்கொண்டு போனால் கூப்பிட்டு ஊற்றிக் கொடுப்பார்.

"ஒரு நாள் குடிச்சாக் கேக்காது டீச்சரம்மா. தினம் குடிக்கணும்."

"தினம் நான் எங்க பாய் இம்புட்டுத் தூரம் வர? பிரேயருக்கு முன்னாடி யாராச்சும் பள்ளிக்கூடத்துல கொண்டாந்து குடுத்தாக் குடிப்பேன்."

அத்தா என் பெயரைத்தான் சொன்னார். "மைமூனை அனுப்புறேன்."

"அனுப்புங்க. வர்ற புள்ள சாயங்காலம் மணி அடிக்கிற வரைக்கும் இருந்துட்டு வரட்டும்."

அத்தாவுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் சிரித்துவிட்டார். மறுநாள் முதல் ஒரு கையில் தூக்குவாளி, மறு கையில் புத்தகப் பை. நான் திரும்பப் பள்ளிக்கு வந்தது அப்படித்தான்.

என் முதல் ஓட்டப் பந்தயத்தில் கோட்டுக்குப் போகாமல் டீச்சர் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். பயமாக இருக்கிறது என்று டீச்சரிடம் சொன்னேன். "பயந்துக்கிட்டே ஓடு. யாரு வேணாம்னா?" என்றார். கடைசியாகத்தான் வந்தேன். அதன் பிறகு அவர் என் கையில் நிறுத்துக் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டார்.

விளையாட்டு விழாவுக்காக நாம் பழகிக்கொண்டிருந்த ஒரு மாலையில் நேரம் குறிக்கத் தாள் இல்லை. டீச்சர் தன் கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துத் தந்து, பின்பக்கத்தில் எழுதச் சொன்னார். உங்கள் நூறு மீட்டர் நேரங்களை எழுதிவிட்டுச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். இரத்தப் பரிசோதனைச் சீட்டு அது. யூரிக் ஆசிட் என்று இங்கிலீஷில் எழுதி, எதிரே இருந்த எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது. அதற்கும் கீழே, ஈ.சி.ஜி. எடுக்க மதுரைக்குப் போக வேண்டும் என்று நம் ஊர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா எழுதியிருந்தார்.

டீச்சர் மறைக்கவில்லை. ஒண்ணுக்கில் வெளியே போக வேண்டிய ஒரு கழிவு இரத்தத்தில் தேங்கிவிடுகிறது என்றும், அது உப்புக்கல்லைப் போல விரல் மூட்டில் போய் உட்கார்ந்து குத்துகிறது என்றும் விளக்கினார். ஈரல், குண்டிக்காய், எலும்புச் சாறு, நெத்திலி எல்லாவற்றையும் டாக்டரம்மா நிறுத்தச் சொல்லியிருக்கிறாராம். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டுமாம்.

"விரலுக்கு எதுக்கு டீச்சர் நெஞ்சைப் படம் எடுக்கணும்?"

"நானும் அதத்தான் கேட்டேன். இது கூடுனவுக நெஞ்சையும் பாத்துக்கிறது நல்லதுங்கிறாக. விளையாட்டு விழா முடியட்டும், போவோம்."

அப்படியானால் சூப்பை வழியிலேயே கொட்டிவிடுகிறேன் என்றேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது. "ஒரு மனுசன் இருட்டோட எந்திரிச்சுக் காய்ச்சினதை நீ சாக்கடையில கொட்டுவியா? உங்க அத்தாகிட்ட நானே சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே. சூப்பு நின்னா நீயும் நின்னுருவே."

அதன் பிறகு அவர் அரை டம்ளர்தான் குடித்தார். மீதி அரை எனக்கு. தன் அறையில், வலது பாதத்தை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் குளிர்ச்சியில் ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடிக் குடிப்பார். "உங்க அத்தா மாதிரி மிளகு இடிக்க ஆள் கிடையாது" என்பார். எனக்காக மட்டும் குடித்தார் என்று எழுதினால் அது பொய். அவருக்கு அது பிடித்திருந்தது. நானும் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

விளையாட்டு விழா முடிந்தது. பிறகு இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. பிறகு அரைப் பரீட்சை. ஒவ்வொன்றும் முடியட்டும் என்றார். மதுரைக்குப் போகவே இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் நாம் வரிசையாக நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். நான் வரிசையை விட்டு விலகி டாக்டரம்மாவிடம் போனதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். நான் கொண்டுபோன சூப்பாலா?

"அப்பிடி நான் சொல்ல மாட்டேம்மா" என்றார் அவர். "டீச்சருக்கு இரத்தக் கொதிப்பும் இருந்துச்சு. யூரிக் ஆசிட் கூடுறதால நெஞ்சு கெடுதா, இல்ல ரெண்டும் சேந்தே வருதான்னு பெரிய டாக்டர்களே இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க. விரல் வீங்குனப்பவே நெஞ்சையும் காட்டச் சொன்னேன். காட்டியிருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம். அவுக வரல. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்."

அத்தா அன்று கடையைத் திறக்கவில்லை. டீச்சருக்குக் கொடுத்தனுப்பும் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார், "இம்புட்டு நாள் குடிச்சும் அந்தக் காலு தேறல பாரு. இன்னும் கொஞ்சம் கூட ஊத்தி விட்டிருக்கணும்." நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

நான்கு நாள் முன்பு அத்தாவின் வலது பெருவிரல் வீங்கியது. போன வருடமும் இப்படி ஒரு முறை வந்து தானாக அடங்கியது. இந்த முறை போர்வையின் ஓரம் பட்டால்கூட முனகுகிறார். காலையில் அடுப்பிலிருந்து இறக்கும் முதல் டம்ளர் எப்போதும் அவருடையது. ஈரல் வறுத்தால் முதல் கரண்டியும் அவருக்குத்தான். இப்போது கால் சீக்கிரம் தேற வேண்டும் என்று இரண்டு டம்ளராகக் குடிக்கிறார். இதை எழுதும்போதே அடுத்த அறையில் அவர் காலை மாற்றி வைக்கும் சத்தம் கேட்கிறது.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தன் கையால் ஊற்றியதுதான் டீச்சரைக் கொன்றதென்று நினைத்து அத்தா உடைந்து போவார். அல்லது, இத்தனை நாள் மறைக்கவா உன்னைப் படிக்க விட்டேன் என்று கேட்டு நாளையே நிறுத்திவிடுவார். இனிமேல் நான் சூப்பு கொண்டுபோக வேண்டிய ஆளும் பள்ளியில் இல்லை. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் நின்று பார்த்தோம்.

டீச்சரின் விசிலை அவருடைய தம்பி எடுத்துக்கொண்டு போனார். ஷூவை என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை. என்னிடம் இருப்பது அந்தச் சீட்டு. ஒரு பக்கம் அவருடைய இரத்தத்தின் கணக்கு, மறுபக்கம் உங்களுடைய ஓட்டம். நேரங்களைப் பிரதி எடுத்துத் தருகிறேன். சீட்டு என்னிடமே இருக்கட்டும். இன்னொன்றும் வைத்திருக்கிறேன். விசிலை வாயில் வைத்ததும் டீச்சர் மூச்சை இழுத்து ஒரு நொடி நிறுத்துவார். நீங்கள் கோட்டில் குனிந்திருப்பீர்கள், அதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கும்.

அத்தாவுக்குக் கையெழுத்துப் போட மட்டுமே தெரியும். தினமும் கடைக்குக் கிளம்புமுன் நான்தான் அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுவேன். நாளை காலை, அந்த முதல் டம்ளரை அவர் கையில் எடுப்பதற்கு முன்னால், பேப்பருக்குப் பதிலாக இதைப் படிக்கப் போகிறேன். டாக்டரம்மா சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். அத்தாவைக் குற்றம் சொல்ல அல்ல, மதுரைக்குக் கூட்டிப்போக. உங்களுக்கு முன்னால் அவர் கேட்டுவிடுவார். அதற்காக நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பயந்துகொண்டேதான் படிப்பேன், டீச்சர்.