ஊர் நலன் விரும்பி

அந்த மனிதர் உயிரோடு திரும்பி வந்தார். இப்போது ஜெர்மனியில் இருக்கிறார். நத்தாருக்கு நத்தார் கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொல்ல எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பார், என் கணவர்தான் கதைப்பார், நான் குசினியில் சமையல் கைவேலையாக இருப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துக் கதை என்றால் கேட்பவர்கள் முடிவை நினைத்துப் பயந்துகொண்டே கேட்கிறார்கள், சொல்ல வந்த விசயம் காதில் ஏறுவதில்லை. நான் சொல்ல வந்தது நான் செய்த ஒரு வேலையைப் பற்றி.

சண்டைக்குத் தப்பி ஓடியிருந்த நாங்கள் தொண்ணூற்றாறில், குடாநாட்டை ஒட்டிய எங்கள் தீவுக்குத் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. என் கணவருக்கு வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. விரல் இல்லாதவர் வலை இழுக்க முடியாது, இழுக்கிறவர்களோடு கூடப் போனாலும் பங்கு கேட்க மனம் வராது. நான் ஊராருக்குச் சட்டை தைத்தேன், நிவாரணம் எடுத்தோம். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பழைய பைபர் படகும் சின்ன எஞ்சினும் வேலிக்கரையில் கவிழ்ந்து கிடந்தன. ஐந்தாறு வருடம் இப்படியே போனது.

சமாதானப் பேச்சு வந்து பாதை திறந்த பிறகு தெற்கிலிருந்து சனம் வரத் தொடங்கியது. பஸ் பஸ்ஸாக வந்தார்கள். நயினாதீவு புத்த விகாரையைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில் எங்கள் சாட்டிக் கடற்கரையில் இறங்கிக் குளிப்பார்கள். ஒருநாள் ஒரு குடும்பம் எங்கள் படகைக் காட்டி, ஒரு சுற்று ஏற்றிக்கொண்டு போவீர்களா என்று கேட்டது. எஞ்சின் பிடிக்க இடது கை போதும். அன்றைக்கு அவர் ஐந்து தடவை போய் வந்தார். வீட்டுக்கு வந்து முகச்சவரம் செய்தார், நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். அடுத்த சனிக்கிழமை கரையில் மூன்று படகுகள் நின்றன, மாதம் முடிய ஏழாகிவிட்டது.

ஏழு படகுக்கும் ஒரே கடல், ஒரே சனம். ஒருவர் படகுக்கு மஞ்சள் பெயின்ற் அடித்தார். ஒருவர் வெயிலுக்குப் பந்தல் போட்டார். இன்னொருவர் கசற்றில் சிங்களப் பாட்டுப் போட்டார். அது செத்தவீட்டுக்குப் போடுகிற பாட்டு என்று ஒரு யாத்திரிகர் வந்து சொல்லும்வரை இரண்டு கிழமையாக அதையே போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் படகுக்குப் பெயின்ற்றும் இல்லை, பந்தலும் இல்லை, நான் இருந்தேன். அப்பா தெற்கே சிலாபத்தில் வாடிக் குடிசை போட்டு மீன்பிடித்த காலத்தில், அங்கே கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் எழுதவும் பேசவும் சிங்களம் படித்தவள் நான். பஸ் வந்து நின்றதும் கதவடிக்குப் போவேன். கழிப்பறை அந்தப் பக்கம், பிள்ளைகளுக்குக் குடிதண்ணீர் இந்தப் பக்கம், படகுக்குப் பயப்பட வேண்டாம், ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர்தான் என்பேன். இந்த மூலையில் ஒரு பெண் தங்கள் பாஷையில் கதைக்கிறாள் என்றதிலேயே பாதிப் பஸ் என் பின்னால் வந்துவிடும். மற்ற ஆறு பேரும் பல்லைக் கடித்தார்கள், நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

அப்போதுதான் ஜெர்மன்காரர் வந்து சேர்ந்தார். பக்கத்து ஊர்க் கரம்பொன் ஆள், சின்ன வயதில் வெளிநாடு போனவர், அங்கே குடும்பம் பிரிந்து தனியாகத் திரும்பித் தமக்கை வீட்டில் தங்கினார். சாமான் கொள்கலனில் கட்டில், கதிரை, அலுமாரியோடு ஒரு சிவப்பு மெசினும் வந்தது. அவர் ஜெட் ஸ்கீ என்றார், கரையில் எல்லோரும் தண்ணி மோட்டார் சைக்கிள் என்றார்கள். கரையை விட்டுத் தூரம் போகக்கூடாது, பின்னேரம் ஐந்து மணிக்குமேல் ஓடக்கூடாது என்ற நிபந்தனையோடு கடற்படை முகாமில் வாய்மொழியாக அனுமதி வாங்கியிருந்தார்.

முதல் சனிக்கிழமையே இளம் பொடியன்கள் வரிசை கட்டினார்கள். ஒருவர் ஏறி ஓட, ஐம்பது பேர் நின்று பார்த்தார்கள், படம் பிடித்தார்கள், கைதட்டினார்கள். ஏழு படகுகளும் மணலில் குந்தியிருந்தன. நான் தொண்டை வறளக் கூப்பிட்டும் ஒருவரும் திரும்பவில்லை. மூன்று கிழமை அப்படியே போனது. என் கணவர் படகுக்குள் இருந்தபடி மெசின் போகிற போக்கைப் பார்த்தார்.

"அவற்ற மெசினும் ஓடட்டும். கடல் என்ன எங்கட சீதனமே?" என்றார்.

"ஓம், ஓடட்டும். நாங்கள் மண்ணைத் தின்னுவம்" என்றேன்.

நாலாவது சனிக்கிழமை என் கணவர் கடற்கரைக்கு வரவில்லை. சவரமும் செய்யவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த அந்த முதுகைக் கண்டதும் எனக்குப் பழைய வருடங்கள் எல்லாம் திரும்பி வரப்போகின்றன என்ற பயம், அந்தப் பயத்துக்கு மேலே ஆத்திரம்.

எங்கள் தீவில் பெட்டிசன் எழுதுவது தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடிப்பதுபோல. தபாற்கந்தோர் பிந்தித் திறந்தால் பெட்டிசன், சங்கக்கடை மனேச்சர் சீனியை ஒளித்தால் பெட்டிசன், கோயில் பாடகர் குழுவில் மகளைச் சேர்க்காவிட்டால் ஆயருக்குப் பெட்டிசன். ஒருவரும் பெயர் போடுவதில்லை, அடியில் 'இப்படிக்கு ஊர் நலன் விரும்பி' என்று இருக்கும். மிஞ்சிப்போனால் யாருக்காவது இடமாற்றம் வரும். உள்ளதை உள்ளபடி எழுதினால் எடுபடாது, கொஞ்சம் உப்புப்புளி சேர்க்கவேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்த கை என்னுடையது.

தையல் மேசையில் இருந்து, கொப்பித் தாளில், சிங்களத்தில் எழுதினேன். மெசின் காது கிழியச் சத்தம் போடுகிறது, குளிக்கிற குழந்தைகள்மேல் ஏறிவிடும், தண்ணீரெல்லாம் பெற்றோல் மணக்கிறது என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தபோது சப்பென்று இருந்தது. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். 'இந்த மெசின் மிக வேகமானது, இதில் யார் எங்கே போய் வருகிறார்கள், யாரைச் சந்திக்கிறார்கள் என்பதையும் கவனிப்பது நல்லது.' இயக்கத்தோடு தொடர்பு என்று எழுதாமலே அந்த அர்த்தம் வரும். அவர் எங்கும் போய் வரவில்லை. ஐந்து மணிக்கு முன்பே மெசினை நன்னீரில் கழுவிப் படங்கு போட்டு மூடிவிடுவார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிற வழியில், முகாம் வாசலில் இருந்த முறைப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அந்த மனிதர் என்னைத் தேடி வந்தார்.

"அக்கா, ஒரு விசயம் கதைக்கவேணும். பொடியள்தான் என்ர மெசினிலை ஏறுவாங்கள். தாய் தேப்பன், குழந்தை குட்டியள் ஏறாதுகள். அவையளை நீங்கள் படகுகளுக்குக் கூப்பிடுங்கோ, பொடியளை என்னட்டை அனுப்பிவிடுங்கோ. எனக்குச் சிங்களம் ஒரு சொல்லும் வராது."

"மற்ற ஆறு படகுக்கும் நான் கூப்பிடுறதோ?"

"ஓம் அக்கா. முறை வைப்பம். முதல் ஆர், அடுத்தது ஆர் எண்டு நீங்களே சொல்லுங்கோ. ஏன் எல்லாரும் ஆளையாள் பாத்துக்கொண்டு இருப்பான்?"

அவர் சொன்னபடியே நடந்தது. பொடியன்கள் மெசினுக்குக் காத்து நின்ற நேரத்தில் தாய்தகப்பனுக்கு அலுப்பு வந்தது, அவர்கள் படகில் ஏறினார்கள். சாட்டியில் தண்ணி மோட்டார் சைக்கிள் இருக்கிறது என்ற கதை தெற்கு வரை போய், முன்பு நிற்காமல் போன பஸ்களும் நின்றன. என் கணவர் மறுபடி படகில் ஏறினார், சிரித்தார், அந்த மனிதரோடு எஞ்சின் பற்றி மணிக்கணக்காகக் கதைத்தார். எங்கள் வாழ்க்கையில் அதைவிட நல்ல பருவம் வரவில்லை. மெசின் எங்கள் சனத்தைப் பறிக்க வரவில்லை என்பது விளங்க எனக்கு இன்னும் ஒரு கிழமைப் பொறுமை தேவைப்பட்டிருக்கிறது, அது என்னிடம் இருக்கவில்லை.

பெட்டியைக் கடந்து போகிற ஒவ்வொரு தடவையும் நடையை எட்டிப்போட்டேன். பூட்டுப் போட்ட பெட்டி. கடிதத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டால் எழுதியவள் நான்தான் என்று ஆகிவிடும். இந்தப் பெட்டியை ஒருவரும் திறப்பதில்லை, உள்ளே கறையான் தின்றிருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பிறகு சமாதானம் கெட்டது. குடாநாட்டுக்குள் அங்கே குண்டு வெடித்தது, இங்கே ஆளைக் காணோம் என்ற செய்திகள் வந்தன. பஸ்கள் குறைந்து நின்றுபோயின. அப்படியான காலத்தில் எல்லாப் பெட்டிகளையும் திறப்பார்கள் என்பது என் மண்டைக்கு ஏறவில்லை. ஒருநாள் காலை பத்து மணிபோல் இரண்டு வாகனங்கள் வந்தன. அந்த மனிதரை ஒன்றிலும் மெசினை மற்றதிலும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கரையில் நின்ற என் கணவர் ஓடி வந்தார். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"ஆரோ பெட்டிசன் போட்டிருக்கினமாம். எந்த நாய் செய்த வேலையோ தெரியேல்லை" என்றார்.

நான் மீனை வெட்டி முடித்தேன்.

மறுநாள் விடிய அவருடைய தமக்கை எங்கள் வீட்டுக்கு வந்தா. என்னைவிடப் பத்து வயது மூத்தவ, கணவனை இழந்தவ. கையில் தம்பியின் கடவுச்சீட்டுப் பிரதி.

"பிள்ளை, சிங்களத்திலை ஒரு கடிதம் எழுதித் தாரும். அவன் ஒண்டுமறியாதவன் எண்டு எழுதித் தாரும்."

"அக்கா, எனக்கு உந்தக் கந்தோர்ச் சிங்களம் ஏலாது. பாதரைக் கேளுங்கோவன்."

"பாதருக்குச் சிங்களம் வராது. இந்தக் கரையிலை உம்மை விட்டால் ஆருக்குத் தெரியும்?"

அதுதான் என் பயமும். இந்தக் கரையில் சிங்களம் எழுதுகிற கை ஒன்றுதான். எழுத்தைச் சாய்த்து மாற்றி எழுதலாமா என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். படிக்காதவள் கிறுக்கியதுபோல் வந்தது, அதை ஒரு அதிகாரியும் மதித்து வாசிக்கமாட்டார். அக்கா எதிரே இருந்து என் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தா. நான் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, அதே கொப்பியில், என் சொந்தக் கையெழுத்தில் எழுதினேன்.

"நீரும் கூட வந்து சொல்லும் பிள்ளை. எனக்கு அவை கேக்கிறது விளங்காது" என்று அக்கா கேட்டா. போனேன்.

முகாம் அதிகாரிக்கு முப்பது வயதுதான் இருக்கும். இருக்கச் சொன்னார். கடிதத்தை வாசித்தார். பிறகு ஒரு கோப்பை எடுத்து, அதிலிருந்து இன்னொரு தாளை உருவி, இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அது என்ன தாள் என்று எனக்கு எட்டத்திலேயே தெரிந்தது.

"இரண்டும் ஒரே கை. நான் எதை நம்ப வேண்டும்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"என்னவாம் பிள்ளை?" என்றா அக்கா. கையில் செபமாலை.

"கடிதத்தை வாசிக்கிறாராம், பொறுங்கோ அக்கா."

நான் அதிகாரியிடம், இன்று கொண்டுவந்ததை நம்புங்கள் என்றேன். முன்னதில் கடைசி வரி பொய் என்றேன்.

"ஏன் எழுதினீர்கள்?"

"அவருடைய மெசின் வந்ததும் எங்கள் படகில் ஆட்கள் ஏறவில்லை."

"அதற்காகவா?" என்றார்.

"அதற்காகத்தான்."

"இந்த ஒரு வரிக்காக நாளை அவரை வேறிடத்துக்கு அனுப்ப இருந்தோம். அங்கே போனபிறகு நான் கேட்டாலும் பதில் வராது" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பழைய கடிதத்தை என் பக்கம் தள்ளி, கடைசி வரி பொய் என்று அடியில் எழுதி, முழுப் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் போட்டு ஒப்பமிடச் சொன்னார். எழுதினேன். என் பெயர் போட்ட முதல் பெட்டிசன் அதுதான். மெசின் திரும்பக் கிடைக்காது, ஆளைப் பின்னேரம் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்.

"என்னத்துக்குப் பிள்ளை நீர் ஒப்பம் வைக்கிறீர்?"

"அவருக்கு ஆரும் பொறுப்பு நிக்கவேணுமாம் அக்கா. பின்னேரம் விடுகினமாம்."

அக்கா கதிரையிலிருந்து எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்தா. அழுதுகொண்டு, அதிகாரியைப் பார்த்தும் என்னைப் பார்த்தும் மாறி மாறிச் சொன்னா. "சொந்தச் சகோதரங்கள் பயந்துபோய் வீட்டுக்குள்ளை இருக்குதுகள். இவ ஒருத்திதான் தன்ர பேரைப் போட்டு நிண்டவ. என்ர தம்பின்ர உயிர் இவ தந்தது. நான் சாகுமட்டும் இவவுக்காகச் செபிப்பன்."

அதிகாரிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பேனையை மூடியபடி என்னைப் பார்த்து, "அந்த அம்மா என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

அக்கா என் கைகளை விடவில்லை. நான் அவ சொன்னதை ஒரு சொல் குறையாமல் சிங்களத்தில் அவருக்குச் சொன்னேன்.