அத்தை வரைந்த பலகை

என் அத்தை, அப்பாவின் தங்கை, கடைசிவரை வரைந்த பிளைவுட் பலகை இப்போது என் வீட்டு ஜன்னலோரம் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதில் சிங்காநல்லூர்க் குளம் இருக்கிறதாம். எனக்குத் தெரிவது சாம்பல் நிறத்தில் நாலு தீற்றல்தான்.

எனக்குப் பதினாலு வயதில் அத்தை என்னை உட்கார வைத்து வரைந்தார். அப்போதெல்லாம் ஒரு முடியையும் விடமாட்டார். தோளில் கிடந்த சடையின் பின்னல்களைக் கெட்டிச் சாயத்தில் தடிமனாக ஏற்றினார்; மூன்று நாள் எனக்குக் கழுத்து வலித்தது. அடுத்த விடுமுறையில் போனால் படத்தைக் காணோம். பலகையில் மதுக்கரை மலை இருந்தது. கேட்டதற்கு, "அது எங்க கண்ணு போயிரும்? இங்கதான் இருக்குது" என்றார்.

நான் நம்பவில்லை. கோபிசெட்டிபாளையத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்காதான் அத்தைக்குச் செல்லம். அவளுக்குக் கொடுத்திருப்பார் என்று முடிவு கட்டினேன். அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பீரோவுக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்திருக்கிறேன். மில்லில் துணியில் பழுது பார்க்கும் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தபின் சந்தேகமே என் பிழைப்பாகிவிட்டது.

அத்தையின் கையும் மாறிக்கொண்டே போனது. மலையில் பாறைகள் குறைந்தன. குளம் வந்தது, நாரைகள் வெறும் கோடுகளாயின, பிறகு கோடுகளும் போயின. கை நடுக்கத்தை மறைக்கிறார் என்று நினைத்தேன். புதுப் பலகை வாங்கித் தந்தாலும் தொடமாட்டார். "புதுசுல கை ஓடமாட்டீங்குது கண்ணு. அடியில ஆராச்சும் இருக்கோணும்" என்றார் ஒருமுறை. பேச்சை மாற்றுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் அத்தை காலமானார். பலகை என்னிடம் வந்தது. நேற்றுக் காலை, வேலைப் பழக்கத்தில், துணியைப் பார்ப்பதுபோல அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். சாம்பல் தண்ணீருக்கு அடியில் ஒரு சடை புடைத்துத் தெரிந்தது. விரலால் தடவினேன். என் சடைதான். அவரை இத்தனை காலம் சந்தேகப்பட்டதற்கு வெட்கப்பட்டு அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தால், இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு சடைகள். எங்கள் வீட்டில் இரட்டைச் சடை போட்டவள் அக்கா. உடனே போன் செய்து சொன்னேன்.

"உனக்கு முந்தின வருசம் என்னையத்தான் வரைஞ்சாங்க. அதைய நீ எடுத்துட்டுப் போயிட்டீன்னே இத்தன வருசமா நெனச்சுட்டு இருந்தேன் அம்மணி" என்றாள்.

இன்று அவள் வருகிறாள். பலகையை நான் இன்னும் சுவரில் மாட்டவில்லை. நேராக மாட்டினால் வெறும் குளம்தான் தெரியும். சாய்த்து வைத்தால்தான் நாங்கள் இருவரும் இருக்கிறோம். வந்ததும் எந்தச் சடையை முதலில் தொடுகிறாள் என்று பார்க்க வேண்டும்.